நடுங்கும் கொரோலாவும் கிண்ணியா நானாவும்: திருகோணமலையில் நம்பிப் போகக்கூடிய ஒரு கராஜ்

திருகோணமலையில் பழைய பெற்றோல் கார் வைத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இஞ்சின் நடுங்குகிறது, தட்டுகிறது என்று போன இடத்தில் யாராவது "பெயாரிங் போச்சு, இஞ்சினை மாத்துங்க" என்று பயம் காட்டினால், முற்பணம் கொடுக்க முன்னர் இந்தக் கிண்ணியாக்கார மெக்கானிக் நானாவிடம் காரை ஒருக்கால் காட்டுங்கள். பார்ப்பதற்கு மட்டும் 2,500 ரூபா வாங்குவார். பொனட்டைத் திறந்து பார்ப்பதற்கும் காசா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். என் கணக்கில் இந்த ஊரில் கார் வேலைக்கு நான் கொடுத்த காசில் மிகவும் பிரயோசனமானது அந்த 2,500தான்.

கராஜ் நகரத்துக்கும் சீனக்குடாவுக்கும் இடையில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கொட்டில், ஒரு வேப்பமரம், நானா, உதவிக்கு ஒரு பொடியன், அவ்வளவுதான். பெயரையும் நம்பரையும் எங்கேயும் போடவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், ஏனென்றால் மூன்று கார் சேர்ந்து வந்தாலே ஒழுங்கை அடைபட்டு அயல்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறாராம். அந்தப் பக்கத்து ஓட்டோக்காரர்களிடம் "பிளக் வயர் கழற்றிப் பார்க்கிற நானா" என்று கேளுங்கள், காட்டுவார்கள்.

என்னுடையது 1997 கொரோலா 110, 5ஏ-எஃப்இ இஞ்சின், 1,498 சிசி, ஓட்டோ கியர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து இந்த வயதுக் கார்களுக்கு இலங்கையில் என்ன மதிப்பு வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2025இல் திரும்பத் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் வரியோடு சேர்த்து விலையைப் பார்த்தால் இருப்பதைப் பழுதுபார்த்து ஓடுவதே புத்தி என்று ஆகிவிடுகிறது. அதனால்தான் இந்த விஷயம் என்னைப் போல நிறையப் பேருக்குப் பிரச்சினை.

காரின் வருத்தம் இரண்டு விதமாக இருந்தது. ஒன்று நடுக்கம். கோட்டை வாசலால் உள்ளே போய் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் மான்கள் குறுக்கே நிற்கும், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு ஊர்ந்துதான் போகவேண்டும், அந்த நேரத்தில் ஏசியும் போட்டிருந்தால் ஸ்டியரிங், டாஷ்போர்ட், பின்சீட் எல்லாம் சேர்ந்து நடுங்கும். கியரை நியூட்ரலில் ("என்") போட்டால் குறையும். கூடவே அடியில் எங்கேயோ "கட கட" என்று இரும்பு தட்டும். இரண்டாவது, கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகும்போது லொறி ஒன்றை முந்த அக்சலேற்றரை அழுத்தினால் முன்னுக்கிருந்து சில்லறைக் காசைத் தகரப் பேணிக்குள் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடும்.

முதலில் காட்டிய இடத்தின் பெயர் வேண்டாம். அவர்கள் ஸ்கானரோடு வந்தார்கள், செருகுவதற்கு இடம் தேடினார்கள், கிடைக்கவில்லை. 97இல் ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த இந்தக் காரில் இப்போதைய ஸ்கானர் பேசும் ஓபிடி2 கிடையாது. பொனட்டுக்குக் கீழே "டயக்னோசிஸ்" என்று எழுதிய ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதில் டிஇ1, இ1 என்ற இரண்டு துளைகளை ஒரு கம்பித்துண்டால் இணைத்து சாவியை ஓனில் வைத்தால் செக் இஞ்சின் லைட் சிமிட்டிச் சிமிட்டிக் கோளாறின் இலக்கத்தைச் சொல்லும். அது அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாதது குற்றமில்லை. ஆனால் அதற்குப் பிறகு இஞ்சினை ஒருதரம் உறுமவிட்டுக் கேட்டுவிட்டு, ரீகண்டிஷன் இஞ்சின் கூலியோடு இரண்டே முக்கால் இலட்சம் என்று துண்டில் எழுதித் தந்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இன்னொருவர் 95 ஒக்டேன் பெற்றோல் அடித்தால் எல்லாம் போய்விடும் என்றார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நானாவிடம் போனால் முதலில் பொனட்டைத் திறப்பதே இல்லை. கேள்வி. "தம்பி, காலையில முதல் ஸ்டார்ட்ல வருதா, சூடாகின பிறகா? நிக்கிற நேரமும் வருதா, ஓடைக்க மட்டுமா? ஓடைக்க கியரை என்ல போட்டா அந்த ஆட்டம் நிக்குதா?" இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். 80இல் ஓடும்போது மட்டும் ஆட்டம் வந்து, நியூட்ரலில் போட்டு இஞ்சின் வேகம் இறங்கிய பிறகும் அது அப்படியே தொடர்ந்தால், இஞ்சினைப் பார்ப்பது வீண்வேலை. டயர், வீல் பாலன்ஸ், டிரைவ் ஷாப்ட் பக்கம் போகவேண்டும். நின்ற இடத்திலும் நடுங்கினால், இஞ்சின் வேகத்தோடு கூடிக் குறைந்தால், அப்போதுதான் இஞ்சினும் அதைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கும். காசில்லாமல் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது, வெறும் வீதி பார்த்துச் செய்யுங்கள்.

அப்புறம் ஒயில் குச்சி, கூலன்ட், பெல்ட். ஒயில் குறைந்து ஓடுகிற இஞ்சினின் சத்தத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்பது அவர் கொள்கை. எனக்கு அளவு சரியாக இருந்தது.

பிறகு மவுண்டிங். பொடியனை ஒரு பக்கமாக நிறுத்தினார், கார் முன்னால் ஒருவரும் நிற்கக்கூடாது. என்னை உள்ளே இருத்தி, ஹாண்ட்பிரேக்கை இழுத்து, காற்பிரேக்கை முழுதாக மிதித்தபடி டியில் (முன்னோக்கி) போட்டு கொஞ்சம் அக்சலேற்றர், பிறகு ஆரில் (ரிவேஸ்) போட்டு கொஞ்சம். இஞ்சின் எவ்வளவு எழும்பிக் குனிகிறது என்று பக்கத்திலிருந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். நல்ல மவுண்டிங் என்றால் கொஞ்சம் அசைந்து திரும்ப வந்து அமரும். என்னுடையது ஆரில் போட்டதும் பெரிதாகத் தூக்கி, டியில் போட்டதும் "டக்" என்று விழுந்தது. பின் மவுண்டிங்கின் ரப்பர் நடுவால் கிழிந்து இரும்பு இரும்பில் இருந்தது. அந்தக் கட கட சத்தத்துக்கும் அங்கேயே விடை கிடைத்துவிட்டது: இஞ்சின் பின்னால் சாய்ந்ததில் சைலன்சர் குழாயின் சூட்டுத் தகடு குறுக்குச் சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது. கையால் அழுத்திப் பிடித்துக் காட்டினார், சத்தம் நின்றது. (இஞ்சின் குளிர்ந்த பிறகுதான். சூட்டோடு கையை வைத்துவிடாதீர்கள்.)

நான் இத்தோடு முடிந்தது என்று நினைத்து நிம்மதியானேன், அவர் விடவில்லை. "மவுண்டிங் போனா நடுக்கம் வெளியில தெரியும். ஆனா நடுக்கத்தை உண்டாக்கிறது யாரு?" இந்த இடத்தில்தான் மற்றக் கராஜ்களுக்கும் இவருக்கும் வித்தியாசம். மவுண்டிங் மாற்றிக் காசை வாங்கி அனுப்பியிருந்தால் நடுக்கம் பாதி குறைந்திருக்கும், நானும் சந்தோஷமாகப் போயிருப்பேன், ஆறு மாதத்தில் புது மவுண்டிங்கும் கிழிந்திருக்கும்.

நான்கு சிலிண்டரில் எது சோம்பேறி என்று பார்க்க, இஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறார். வேலை செய்கிற சிலிண்டரின் வயரைக் கழற்றினால் இஞ்சின் சடாரென்று தொய்ந்து இன்னும் மோசமாக நடுங்கும். வேலை செய்யாததைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இராது. முதலாவது, இரண்டாவது, நான்காவது சிலிண்டர்களின் வயரைக் கழற்றியபோது இஞ்சின் தொய்ந்தது. மூன்றாவதில், பெயருக்குக் கொஞ்சம். இதை வீட்டில் வெறுங்கையால் செய்யப் போகாதீர்கள், ஆயிரக்கணக்கான வோல்ட் அது. நீண்ட நேரம் கழற்றி வைத்தால் எரியாத பெற்றோல், புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிற்றிக் கன்வேட்டருக்குள் போய் அதையும் கெடுக்கும். ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் கொயில் உள்ள புதுக் கார்களில் இந்த முறை சரிவராது, அங்கே கொயில் சொக்கட்டை வேறு விதமாகத்தான் பார்க்கவேண்டும்.

மூன்றாவது ஏன் எரியவில்லை? பலர் இங்கே நான்கு பிளக்கையும் மாற்றிவிட்டுப் பார்ப்பார்கள். இவர் மூன்றாவது பிளக்கையும் முதலாவது பிளக்கையும் இடம் மாற்றினார். கோளாறு மூன்றாவதிலேயே நின்றது. ஆகவே பிளக் சரி. மூன்றாவது சிலிண்டரின் வயரைக் கழற்றி மீற்றரில் அளந்தார். டொயோட்டா இந்த வயர்களுக்குச் சொல்லும் மேல் எல்லை ஒரு வயருக்கு 25 கிலோ ஓம். மீற்றரில் இலக்கம் அதற்கு மேலே போய் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. வயரின் ரப்பர் மூக்கை அமர்த்தினால் களிமண் மாதிரிக் குழைகிறது. பிளக் இருக்கும் குழிக்குள் பார்த்தால் ஒயில். வால்வ் கவருக்குக் கீழே பிளக் குழாயைச் சுற்றி இருக்கும் ரப்பர் சீல்கள் வயதாகிக் கல்லாகி ஒயிலை உள்ளே விட்டிருக்கின்றன, ஒயில் வயர் மூக்கை ஊறவைத்திருக்கிறது, மின்சாரம் பிளக்கின் நுனிக்குப் போகாமல் பக்கவாட்டில் குதித்திருக்கிறது. வயரை மட்டும் மாற்றினால் புது வயரும் அதே ஒயிலில் ஊறும். சீலோடு சேர்த்து மாற்றவேண்டும். இந்த ஏ வரிசை இஞ்சின் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே வயரை இழுத்துக் குழிக்குள் ஒரு டோர்ச் அடித்துப் பாருங்கள்.

கொம்ப்ரஷனும், அதாவது சிலிண்டருக்குள் வரும் அமுக்கமும், பார்த்தார். நான்கும் 160க்கும் 170க்கும் இடையில் (பிஎஸ்ஐ), ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. அந்த இலக்கங்களை எழுதித் தரச்சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன், இரண்டே முக்கால் இலட்சம் துண்டுக்குப் பக்கத்தில்.

சரி, தட்டல். இது தனிக் கதை, இதில்தான் மக்கள் அதிகம் பயப்படுகிறார்கள். தட்டுகிற சத்தம் எல்லாம் ஒன்றில்லை என்று அவர் விளங்கப்படுத்தியதை என் சொல்லில் தருகிறேன். மேலே வால்வ் கவர் பக்கம் மெல்லிதாக "டிக் டிக்" என்று, இஞ்சின் சுற்றும் வேகத்தில் பாதி வேகத்தில் கேட்டால் அது டப்பட் இடைவெளி, காம் ஷாப்ட் பக்கத்துச் சங்கதி. காலையில் குளிரில் கேட்டு, சூடேறச் சூடேற மறைந்தால் பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுவது. அதோடு நிறையக் காலம் ஓடலாம். கீழே சம்ப் (ஒயில் தொட்டி) பக்கம் கனமாக, சுத்தியலால் அடிப்பது போலக் கேட்டு, உறுமவிடும்போது கூடினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டின் கொன்ரொட் பெயாரிங், அதுதான் உண்மையில் பயப்படவேண்டியது, அந்தச் சத்தத்தோடு ஒரு கிலோமீற்றரும் ஓடக்கூடாது. அதையும் பிளக் வயரால் சோதிக்கலாம்: எந்தச் சிலிண்டரின் பெயாரிங் போயிருக்கிறதோ அதன் வயரைக் கழற்றினால் பிஸ்டனில் அடி விழாது, சத்தம் தணிந்துவிடும். என் காரில் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை புளொக்கில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டார், வயர்களை மாறி மாறிக் கழற்றினார், அடியில் எந்தச் சத்தமும் இல்லை, மாற்றமும் இல்லை. பெயாரிங் கோளாறு இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

மிச்சம் ஒன்றுதான். சுமையில், குறைந்த சுற்றில், சூடான பிறகு, அக்சலேற்றரை அழுத்தினால் மட்டும் வரும் கிலுகிலுப்பு. பொறி விழுந்து பெற்றோல் கலவை ஒழுங்காக எரிந்துகொண்டு வரும்போது, இன்னும் எரியாமல் மூலையில் இருக்கும் மிச்சக் கலவை அமுக்கமும் சூடும் தாங்காமல் தானாக வெடித்துவிடுகிறது, அந்த அதிர்ச்சிதான் காதில் விழுகிறது. பொறி முந்தி விழுந்தால், உள்ளே கரி படிந்திருந்தால், இஞ்சின் அதிகம் சூடானால், பெற்றோலின் ஒக்டேன் போதாவிட்டால் இது வரும். விட்டுவிட்டால் நாளடைவில் பிஸ்டனையும் ஹெட் கஸ்கட்டையும் தின்னும்.

ஒக்டேன் கதைக்கு இங்கே வருகிறேன். நம்மிடம் பெரும்பாலும் விற்பது 92உம் 95உம். 95 தானாக வெடிப்பதைக் கூடுதலாகத் தாங்கும், வேறு மந்திரம் ஒன்றும் அதில் இல்லை. நான் 95 அடித்துப் பார்த்தேன், கிலுகிலுப்பு குறைந்தது, போகவில்லை. நானாவிடம் சொன்னபோது சிரித்தார். "இந்த இஞ்சின் 92ல ஓடச் செஞ்சது தம்பி. 95ல அடங்குதெண்டா, வேற ஏதோ பிழையை நீங்க காசு குடுத்து மூடுறீங்க." சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கிற ஊரில் 2022இல் கியூஆர் கோடோடு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற ஆட்கள் நாங்கள், தேவையில்லாமல் கூடின விலைப் பெற்றோல் அடிக்க எனக்கும் மனமில்லை.

அவர் அன்றைக்கு டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, தொடவில்லை. "நடுங்கிற இஞ்சினுக்கு டைமிங் லைட் பிடிச்சா கோடும் சேர்ந்து நடுங்கும், முதல்ல அதை அடக்குவம்" என்றுவிட்டார். சாமான்கள் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்த பிறகு வயர் செட், பிளக் குழாய்ச் சீல்கள், வால்வ் கவர் கஸ்கட், பின் மவுண்டிங் எல்லாம் போட்டு, இஞ்சின் தைத்துவிட்டது போல நின்ற பிறகுதான் லைட்டை எடுத்தார். டிஇ1க்கும் இ1க்கும் கம்பியைப் போட்டுத்தான் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் கொம்பியூட்டர் தன்பாட்டில் டைமிங்கை மாற்றிக்கொண்டிருக்கும், பார்ப்பது பொய்க் கணக்காகிவிடும். பொறி முந்தி விழவேண்டியது 10 பாகை. என்னுடையது 16இல் நின்றது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரின் போல்ட்டைச் சுற்றி அழுக்கில் பழைய தடம் ஒரு பக்கம், இப்போதைய இடம் இன்னொரு பக்கம். எனக்கு முன்னர் வைத்திருந்தவரோ அவருடைய மெக்கானிக்கோ பிக்கப் கூட்டுகிறோம் என்று அதைத் திருப்பிப் பொறியை முந்த வைத்திருக்கிறார்கள். திரும்ப 10க்குக் கொண்டுவந்து இறுக்கினார். வேலை ஐந்து நிமிடம்.

அதற்குப் பிறகு 92 பெற்றோலோடு, ஏசி போட்டு, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் போய் அதே மாதிரி லொறியை முந்திப் பார்த்தேன். சத்தம் இல்லை. பிக்கப் ஒரு துளி குறைந்தது போல இருக்கிறது, மறைக்கவில்லை. அந்த 6 பாகையில் கிடைத்த துள்ளல் எனக்குத் தேவையில்லை.

மவுண்டிங் பற்றி ஒரு சின்ன விஷயம். புதிதாக மலிவு விலையில் வரும் சில மவுண்டிங்குகளின் ரப்பர் மிகக் கடினம், கிழிந்த பழையதை விட அது கூடுதலாக நடுக்கத்தை உள்ளே அனுப்பும் என்பதால் அவர் ஜப்பான் பாவித்ததில் நல்லதாகப் பார்த்து எடுக்கச் சொன்னார். போட்ட பிறகும் போல்ட்டை உடனே முறுக்கவில்லை. தளர்வாக விட்டு, இஞ்சினை ஓடவிட்டு, அது தன் இடத்தில் அமர்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. இழுபட்ட நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்குண்டு நிற்குமாம்.

செலவு: வயர் செட் 9,000, சீலும் கஸ்கட்டும் 4,500, மவுண்டிங் 7,500, கூலி 12,000. மொத்தம் 33,000 ரூபா. பார்த்ததற்கு வாங்கிய 2,500ஐக் கூலியில் கழித்துவிட்டார். கழற்றின சாமான்களை ஒரு பையில் போட்டுத் திரும்பத் தந்தார், கேட்காமலே.

இனி குறைகள், இருக்கின்றன. ஆள் மெதுவு. பின்னேரம் தருகிறேன் என்றால் அது நாளைப் பின்னேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். போன் எடுப்பது அவர் மனநிலையைப் பொறுத்தது. கார்ட் இல்லை, பில் இல்லை, கொப்பித் துண்டில் எழுதித் தருவார். இருக்க ஒரு பழைய வான் சீட் மரத்தடியில் கிடக்கிறது, நுளம்பு தின்னும். சாமான் ஓடர் பண்ணுவதிலும் அவருக்கு அக்கறை போதாது; எங்களைப் பிடித்து எடுப்பிக்கச் சொல்வார், பிழையான சாமான் வந்தால் தலையிடி நமக்கு, ஆகவே செசி நம்பரைப் படம் எடுத்துக் கடைக்கு அனுப்பிவிடுங்கள். என் காரில் டியில் நிற்கும்போது ஏசி கொம்ப்ரஸர் விழும் நேரம் இன்னும் ஒரு சின்ன உதறல் இருக்கிறது. ஐடில் வால்வைக் கழற்றிக் கழுவித் தருகிறேன் என்று சொன்னார், இன்னும் செய்யவில்லை, நானும் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவோடு பூட்டிவிடுவார், ஞாயிறு திறந்திருக்கும். முடிந்தால் இஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்படி காலையிலேயே கொண்டுபோய் நிறுத்துங்கள், முதல் ஸ்டார்ட்டின் சத்தத்தை அவர் காதாலேயே கேட்கவேண்டும் என்பார், பத்து மணிக்குச் சூட்டோடு போனால் சாவியை வாங்கிவைத்து நாளைக்கு வரச்சொல்லிவிடுவார். டீசலும் ஹைபிரிட்டும் எடுப்பதில்லை.